ஒரே கல்லூரி, ஒரே கோச், 58 பாயிண்ட்

நம் கல்லூரியைப் பற்றி எழுத இந்த மலரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மெஸ் சாம்பாரிலிருந்து சர்வே கேம்ப் வரை எதையும் அவர்கள் விட்டு வைத்திருக்க மாட்டார்கள். அதனால் நான் வேறொரு கல்லூரியின் பழைய மாணவர்கள் இருவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒருவர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். மற்றவர் தைவான் தீவின் பழங்குடி இனத்தைச் சேர்ந்தவர். இருவரும் ஒரே வளாகத்தில் படித்தார்கள். ஒரே மைதானத்தில் ஓடினார்கள். இருவருக்கும் ஒரே கோச். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இருவரும் ஒரே தங்கப் பதக்கத்துக்காக மோதினார்கள். பத்துப் போட்டிகளில் ஏழில் ஒருவர் முந்தினார். தங்கமோ மற்றவருக்குப் போயிற்று!

"ஏழு ஜெயிச்சவன் எப்படிய்யா தோத்தான்?" என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் சொல்லப் போனால் ஒரு மார்க் அட்டவணையின் கதையும் ஒரு நல்ல ஆசிரியரின் கதையும் சேர்ந்தே வரும்.

பத்துப் பேப்பர், ஒரு டோட்டல்

முதலில் டெகாத்லான் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். இரண்டே நாளில் பத்துத் தடகளப் போட்டிகள். முதல் நாள் 100 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 400 மீட்டர் ஓட்டம். இரண்டாம் நாள் 110 மீட்டர் தடை ஓட்டம், வட்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல், ஈட்டி எறிதல், கடைசியில் 1500 மீட்டர் ஓட்டம். ஒலிம்பிக்கில் இது 1912 ஸ்டாக்ஹோமிலிருந்து நடக்கிறது.

இன்ஜினீயர்களுக்கு இதிலுள்ள சிக்கல் சட்டென்று புரியும். குண்டு எறிய உடம்பில் கனம் வேண்டும். 1500 மீட்டர் ஓட அந்தக் கனமே எதிரி. 100 மீட்டருக்கு வேண்டிய தசை வேறு, தாக்குப் பிடித்து ஓட வேண்டிய தசை வேறு. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். ஆகவே பத்திலும் முதலாவதாக வருகிற உடம்பு என்று ஒன்று கிடையாது. எங்கே எவ்வளவு விட்டுக்கொடுப்பது, எங்கே எவ்வளவு பிடித்துக்கொள்வது என்ற கணக்குதான் டெகாத்லான்.

இதில் யார் முதலில் வந்தார், யார் இரண்டாவது என்பதற்குப் பாயிண்ட் கிடையாது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதற்குத்தான் பாயிண்ட். சர்வதேசத் தடகளச் சங்கம் ஒரு அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. இத்தனை நொடியில் ஓடினால் இத்தனை, இத்தனை மீட்டர் எறிந்தால் இத்தனை. பத்தையும் கூட்டினால் டோட்டல்.

நம்ம யூனிவர்சிட்டி மார்க் ஷீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேப்பரில் ஒருத்தன் ரெண்டு மூணு மார்க் கூட வாங்குறான். மீதி மூணு பேப்பரில் அவன் இருபது இருபது மார்க் பின்னால் போயிட்டான்னா டோட்டலில் யார் மேலே? அதேதான் ரோமில் நடந்தது.

கிங்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர்

ரேஃபர் ஜான்சன் 1934 ஆகஸ்ட் 18-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹில்ஸ்பரோவில் பிறந்தார். அவர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் கலிஃபோர்னியாவின் கிங்ஸ்பர்க் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள் நிறைந்த ஊர் அது. பழத்தோட்டங்கள், பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலைகள். கொஞ்ச காலம் ஜான்சன் குடும்பத்துக்கு ஒரு பழைய ரயில் பெட்டிதான் வீடு.

அந்த ஆலை ஒன்றின் கன்வேயர் பெல்ட்டில் சிறுவன் ரேஃபரின் இடது கால் சிக்கி மோசமாகக் காயமாயிற்று. கட்டையை ஊன்றிக்கொண்டு நடந்த அந்தக் கால்தான் பின்னாளில் ஒலிம்பிக் ஓடியது.

கிங்ஸ்பர்க்குக்குப் பக்கத்து ஊர் டுலாரி. 1948-லும் 1952-லும் டெகாத்லானில் ஒலிம்பிக் தங்கம் வென்ற பாப் மதயாஸின் சொந்த ஊர். 1952-ல் அங்கே நடந்த ஒலிம்பிக் தேர்வுப் போட்டியைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக் கோச் ரேஃபரை அழைத்துப் போனார். பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அங்கே ஆடியவர்களில் பெரும்பாலோரைத் தன்னால் ஜெயிக்க முடியும் என்று பையன் கணக்குப் போட்டுவிட்டான். வாய்ச் சவடால் இல்லை. மூன்றே வருஷத்தில், 1955-ல், சொந்த ஊரான கிங்ஸ்பர்க்கிலேயே 7985 பாயிண்ட் எடுத்து மதயாஸின் உலக சாதனையை முறியடித்தார். அப்போது வயது இருபது.

அதற்குள் அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், சுருக்கமாக யு.சி.எல்.ஏ.வில், சேர்ந்திருந்தார். ஓட்டக்காரர் என்று மட்டும் அங்கே அவருக்குப் பெயர் இல்லை. 1958-59-ல் மாணவர் பேரவைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கறுப்பின மாணவனுக்குக் கல்லூரி வாசலே மூடிக் கிடந்த காலம் அது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் காயத்தோடு ஆடி வெள்ளி. தங்கம் அதே அமெரிக்காவின் மில்ட் கேம்ப்பெல்லுக்கு. 1958-ல் மாஸ்கோவில் நடந்த அமெரிக்க-சோவியத் போட்டியில், உலக சாதனையைக் கையில் வைத்திருந்த வசிலி குஸ்னெட்சோவை அவர் ஊரிலேயே தோற்கடித்து 8302 எடுத்தார். பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம். ஆனாலும் மாஸ்கோ ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். அடுத்த வருஷம் கார் விபத்தில் முதுகில் அடி. பல மாதம் சரியாகப் பயிற்சி செய்ய முடியவில்லை. அதற்குள் குஸ்னெட்சோவ் 8357 எடுத்துச் சாதனையைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்.

தைதுங்கிலிருந்து இன்னொருவர்

யாங் சுவான்-குவாங் 1933 ஜூலை 10-ல் தைவானின் கிழக்குக் கரையில் தைதுங் பகுதியில் பிறந்தார். அமெரிக்காவில் எல்லாரும் சி.கே. யாங் என்றே அழைத்தார்கள். நாமும் அப்படியே சொல்வோம். அவர் பிறந்தபோது தைவான் ஜப்பான் ஆட்சியில் இருந்தது. அவர் சீனர் இல்லை. சீனர்கள் குடியேறுவதற்கு முன்பிருந்தே அந்தத் தீவில் வாழும் ஆமிஸ் என்ற பழங்குடி இனத்தவர்.

1954 மணிலா ஆசிய விளையாட்டில் டெகாத்லான் தங்கம். 1958 டோக்கியோவில் மறுபடியும் தங்கம். "ஆசியாவின் இரும்பு மனிதர்" என்ற பட்டம் வந்தது. ஆனால் இடையில் 1956 மெல்போர்னில் எட்டாவது இடம்தான். ஆசியாவில் முதலிடம் என்றால் உலகத்தில் எட்டாமிடம் என்பது அன்றைய நிலைமை. அந்த இடைவெளியை மூட வேண்டுமானால் வெளியே போயாக வேண்டும். 1958-ல் அமெரிக்கா வந்தவர் யு.சி.எல்.ஏ.வில் சேர்ந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்த பயிற்சித் தோழர் வேறு யாருமில்லை, ரேஃபர் ஜான்சன்தான்.

டிரேக் என்கிற கோச்

எல்வின் டிரேக். எல்லாருக்கும் "டக்கி" டிரேக். அவரும் அதே கல்லூரியின் பழைய மாணவர். 1920-களில் அங்கேயே ஓட்டக்காரராக இருந்து, பிறகு அங்கேயே கோச்சாக அமர்ந்தவர்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். உலகத்தின் மிகச் சிறந்த டெகாத்லான் வீரர்கள் இருவர் ஒரே மைதானத்தில் தினமும் பயிற்சி செய்கிறார்கள். இருவரும் வேறு வேறு நாட்டுக்கு ஆடுகிறவர்கள். ஒருவருக்கு எறிதல் பலம், மற்றவருக்கு ஓட்டமும் தாண்டுதலும் பலம். ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொடுக்கிற ஒவ்வொரு நுணுக்கமும் நாளை எதிராளியின் கணக்கில் சேரும் என்று இருவருக்கும் தெரியும். கோச்சுக்கும் தெரியும். இருந்தும் மூவரில் யாரும் எதையும் ஒளித்து வைத்ததாகத் தெரியவில்லை.

1960 ஜூலையில் ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் நடந்த போட்டியில் இதன் பலன் தெரிந்தது. ஜான்சன் 8683, புதிய உலக சாதனை. யாங் 8426. கவனியுங்கள், குஸ்னெட்சோவின் பழைய சாதனையான 8357-ஐ இரண்டாவதாக வந்த யாங்கும் தாண்டிவிட்டார்! ஒரே கோச்சின் இரண்டு மாணவர்கள் ஒரே போட்டியில் பழைய உலக சாதனைக்கு மேலே. ரோமில் தங்கம் யு.சி.எல்.ஏ.வுக்கு வரும் என்பது ஏறக்குறைய நிச்சயமாயிற்று. எந்தக் கொடிக்கு என்பதுதான் தெரியவில்லை.

ரோமில் இரண்டு நாள்

கொடி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்தி நடந்தவர் ஜான்சன். அந்த நாட்டு ஒலிம்பிக் அணிக்கு முன்னால் கொடி பிடித்த முதல் கறுப்பர் அவர். யாங்கின் அணிக்கோ வேறு அனுபவம். சீனக் குடியரசு என்ற தங்கள் பெயரில் அவர்கள் நடக்கக் கூடாது, "ஃபார்மோசா" என்றே நடக்க வேண்டும் என்று ஒலிம்பிக் கமிட்டி சொல்லிவிட்டது. எதிர்ப்புத் தெரிவிக்கும் அட்டையைப் பிடித்துக்கொண்டு அணிவகுத்தார்கள்.

டெகாத்லான் செப்டம்பர் 5, 6 தேதிகளில் நடந்தது. முதல் நாள் மழை கொட்டி ஆட்டம் நின்று, இரவு வெகுநேரம் கழித்துத்தான் முடிந்தது. பத்துப் போட்டிகளின் கணக்கும் இதோ. ஸ்கோர் ஷீட் பார்க்காமல் நம்ம ஆட்களுக்குத் திருப்தி வராது!

100 மீட்டர்: ஜான்சன் 10.9 நொடி, யாங் 10.7
நீளம் தாண்டுதல்: ஜான்சன் 7.35 மீட்டர், யாங் 7.46
குண்டு எறிதல்: ஜான்சன் 15.82 மீட்டர், யாங் 13.33
உயரம் தாண்டுதல்: ஜான்சன் 1.85 மீட்டர், யாங் 1.90
400 மீட்டர்: ஜான்சன் 48.3 நொடி, யாங் 48.1
110 மீட்டர் தடை ஓட்டம்: ஜான்சன் 15.3 நொடி, யாங் 14.6
வட்டு எறிதல்: ஜான்சன் 48.49 மீட்டர், யாங் 39.83
கோலூன்றித் தாண்டுதல்: ஜான்சன் 4.10 மீட்டர், யாங் 4.30
ஈட்டி எறிதல்: ஜான்சன் 69.76 மீட்டர், யாங் 68.22
1500 மீட்டர்: ஜான்சன் 4 நிமிடம் 49.7 நொடி, யாங் 4 நிமிடம் 48.5

முதல் நாள் ஐந்தில் நான்கில் யாங் முன்னால். ஆனால் குண்டு எறிதலில் மட்டும் இரண்டரை மீட்டர் பின்னால். அந்த ஒன்று போதுமாயிருந்தது. இரவு படுக்கப் போகும்போது ஜான்சன் 55 பாயிண்ட் முன்னணியில் இருந்தார்.

இரண்டாம் நாள் காலை தடை ஓட்டத்தில் ஜான்சன் முதல் தடையிலேயே இடித்துக்கொண்டார். 55 முன்னணி போய் 128 பின்னடைவு. அடுத்து வட்டு எறிதல். இங்கே கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர் வித்தியாசம். ஜான்சன் மறுபடி 144 முன்னால். கோலூன்றித் தாண்டுதல் யாங்கின் கோட்டை. ஆனால் அன்றைக்கு ஜான்சனும் தன் வாழ்நாளிலேயே சிறந்த உயரமான 4.10-ஐத் தாண்டிவிட்டார். முன்னணி 24-ஆகக் குறைந்தது, ஆனால் கைவிட்டுப் போகவில்லை. ஈட்டி எறிதலில் அது 67 ஆயிற்று. மீதி ஒரே ஒரு போட்டி.

அதே செப்டம்பர் 6 அன்று அதே ஸ்டேடியத்தில்தான் 400 மீட்டர் இறுதி ஓட்டமும் நடந்தது. நம் மில்கா சிங் நூலிழையில் வெண்கலத்தை விட்டு நான்காவதாக வந்தாரே, அந்த ஓட்டம். இந்தியாவில் ரோம் ஒலிம்பிக் என்றால் அதுதான் ஞாபகம் வரும். அன்று இரவு அந்த மைதானத்தில் இன்னொரு ஓட்டமும் பாக்கியிருந்தது.

இருவருக்கும் ஒரே வாத்தியார்

67 பாயிண்ட் என்றால் 1500 மீட்டரில் சுமார் பத்து நொடி. ஜான்சனைப் பத்து நொடி பின்னுக்குத் தள்ளினால் யாங்குக்குத் தங்கம். முடியாத காரியமில்லை. இருவரின் சொந்தச் சிறந்த நேரங்களையும் பார்த்தால் இடைவெளி பதினைந்து நொடிக்கும் மேல், அதுவும் யாங்குக்குச் சாதகமாக. பேப்பரில் பார்த்தால் தங்கம் யாங் பக்கம்தான்.

ஓட்டத்துக்கு முன்னால் இருவரும் டிரேக்கிடம் யோசனை கேட்டார்கள். இந்த இடம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான இடம். டிரேக் அமெரிக்கர். ஜான்சன் அமெரிக்கக் கொடியை ஏந்தி வந்தவர், கோச்சோடு பல வருஷம் அதிகமாகப் பழகியவர். டிரேக் யாங்கிடம் கொஞ்சம் மழுப்பியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

அவர் ஜான்சனிடம், யாங்கை விட்டு விலகாதே, நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டே ஓடு, அவன் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் நீ அங்கே இருக்க வேண்டும் என்றார். யாங்கிடம், ஆரம்பத்திலிருந்தே வேகத்தைக் கூட்டி இடைவெளியை உண்டாக்கு, உன் வேகத்துக்கு அவனால் கடைசி வரை ஈடு கொடுக்க முடியாது என்றார். இரண்டுமே சரியான யோசனை. அவரவர் பலத்துக்கு ஏற்றதை அவரவருக்குச் சொன்னார். ஒருவரின் ரகசியத்தை மற்றவருக்கு விற்கவில்லை. மீதியை ஓடுகிறவர்களிடம் விட்டுவிட்டார்.

விளக்கொளியில் ஓட்டம் தொடங்கியது. இரண்டு நாள் ஆடிக் களைத்த உடம்புகள். யாங் முன்னே போனார். ஜான்சன் பின்னாலேயே ஒட்டினார். யாங் திரும்பிப் பார்த்தார், ஜான்சன் அங்கேயே இருந்தார். கடைசிச் சுற்றில் யாங் வேகம் பிடித்தார். ஆனால் இடைவெளி விழவில்லை. கோட்டைத் தாண்டும்போது வித்தியாசம் 1.2 நொடி. ஜான்சன் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த 1500 மீட்டரை, வாழ்நாளின் கடைசி டெகாத்லானில் ஓடி முடித்தார்.

முடிவு: ஜான்சன் 8392, ஒலிம்பிக் சாதனை. யாங் 8334. வித்தியாசம் 58. மூன்றாவது வந்த குஸ்னெட்சோவ் 7809. கோட்டைத் தாண்டியதும் ஜான்சன் நிற்கக்கூட முடியாமல் யாங்கின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போயிற்று. தைவானிலிருந்து வந்த ஒருவர் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியது அதுவே முதல் தடவை.

அட்டவணை சதி செய்ததா?

ஏழில் ஜெயித்தும் தோற்றவர் என்பதால், அட்டவணைதான் யாங்குக்கு அநியாயம் செய்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகம் வந்தால் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதானே நம் தொழில் புத்தி? 1985-லிருந்து நடப்பில் உள்ள அட்டவணைக்கு ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு ஃபார்முலா உண்டு. ரோம் எண்களை அதில் போட்டேன். கை கடிகாரத்தில் எடுத்த நேரம் என்பதால் வேக ஓட்டங்களுக்கு உரிய திருத்தத்தையும் சேர்த்தேன்.

ஜான்சன் 7901, யாங் 7820. வித்தியாசம் 81. இன்றைய அட்டவணையில் ஜான்சனின் வெற்றி இன்னும் பெரிதாகிறது! எங்கே என்று பார்த்தால், யாங் முந்திய ஏழு போட்டிகளிலும் சேர்த்து அவருக்குக் கிடைத்த லாபம் 274 பாயிண்ட். மூன்று எறிதல்களில் மட்டும் நஷ்டம் 355. அதிலும் ஈட்டியில் போனது 24-தான். குண்டும் வட்டும் சேர்ந்தே 331-ஐ விழுங்கிவிட்டன. ஆக, ரோமில் அட்டவணை யாரையும் ஏமாற்றவில்லை. ஜான்சன் நியாயமாகவே ஜெயித்தார்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது வேறு கதை.

1963-ல் யாங் உச்சத்தில் இருந்தார். அப்போதுதான் கண்ணாடியிழைக் கோல் புழக்கத்துக்கு வந்திருந்தது. உலோகக் கோல் வளையாது. கண்ணாடியிழைக் கோல் வில்லாக வளைந்து, ஓடி வந்த வேகத்தைச் சேமித்து, நிமிரும்போது ஆளை மேலே வீசும். ஸ்பிரிங்கில் சக்தியைச் சேமிப்பது போலத்தான். அதை மற்ற டெகாத்லான் வீரர்களுக்கு முன்பே யாங் வசப்படுத்திக்கொண்டார். ஏப்ரல் மாதம் கலிஃபோர்னியாவின் வால்நட் நகரில் நடந்த டெகாத்லானில் 4.84 மீட்டர் தாண்டினார். அட்டவணையைப் புரட்டிப் பார்த்தால் அதன் கடைசி வரியே அதற்குக் கீழேதான் இருந்தது! அட்டவணை போட்டவர்கள் டெகாத்லானில் யாரும் அவ்வளவு உயரம் போவார் என்று நினைக்கவே இல்லை. டோட்டல் 9121. ஜான்சனின் சாதனையை விட 438 அதிகம். அந்த அட்டவணையில் 9000-ஐத் தாண்டியவர் அவர் ஒருவரே.

அடுத்த வருஷம், டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்பாக, புது அட்டவணை நடைமுறைக்கு வந்தது. பழையதில் ஒரு போட்டியில் மட்டும் மிக நன்றாகச் செய்தால் பாயிண்ட் தாறுமாறாக ஏறியது. புதியது அதைச் சமன் செய்தது. அதில் தப்புச் சொல்ல முடியாது, முறையான திருத்தம்தான். ஆனால் அதில் அதிகம் இழந்தவர் யாங். 9121 ஒரே நாளில் 8089 ஆயிற்று. இன்றைய அட்டவணையில் அவருடைய 1963 சாதனை 8010. ஜான்சனின் 1960 சாதனை 7981. நடுவில் 438 இருந்த இடத்தில் 29-தான் இருக்கிறது. ஓடினது, தாண்டினது, எறிஞ்சது எதுவும் மாறலே. கணக்குப் போட்ட பேப்பர் மாறிடுச்சு.

1964 டோக்கியோவில் யாங் எடுத்தது 7650, ஐந்தாவது இடம். தங்கம் 7887 எடுத்த மேற்கு ஜெர்மனிக்காரர் வில்லி ஹோல்டார்ஃபுக்கு. இது முழுக்க அட்டவணையால் வந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டு நாளில் யாங் தன் 1963 தரத்தில் ஆடவில்லை. ஆனால் நான்கு வருஷம் ஒரு அளவுகோலைப் பார்த்துத் தன்னை வளர்த்துக்கொண்டவருக்குப் பரீட்சை நேரத்தில் அளவுகோல் மாறினால் எப்படியிருக்கும்? சிலபஸ் மாறிய வருஷத்தில் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நடுவே 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. மூன்றாவது தடவையாகத் தங்கம் வாங்கியிருக்க வேண்டியவர், போட்டிக்கே போக முடியவில்லை. தைவான், இஸ்ரேல் வீரர்களுக்கு இந்தோனேசியா விசா தரவில்லை. அழைக்கப்பட வேண்டியவர்களை விட்டுவிட்டு நடத்துவதை ஆசிய விளையாட்டு என்று சொல்லக் கூடாது என்று உரக்கச் சொன்னவர் நம் இந்தியாவின் ஜி.டி. சோந்தி. அதற்காக அங்கே இந்தியத் தூதரகத்தின் மேல் கூட்டம் பாய்ந்தது. அந்த டெகாத்லானில் தங்கம் வென்றவரும் இந்தியர், குர்பச்சன் சிங் ரந்தாவா. அவர் திறமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. 1964 டோக்கியோவில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் உலகத்திலேயே ஐந்தாவதாக வந்தவர். ஆனால் யாங்கோடு மோதிப் பார்க்கும் வாய்ப்பை அரசியல் இருவரிடமிருந்தும் பறித்துவிட்டது.

மைதானத்துக்குப் பிறகு

ரோமுக்குப் பிறகு ஜான்சன் மறுபடி டெகாத்லான் ஆடவில்லை. ராபர்ட் கென்னடிக்கு நெருங்கிய நண்பரானார். 1968 ஜூன் 5 நள்ளிரவில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஹோட்டலில் கென்னடி சுடப்பட்டபோது பக்கத்தில் இருந்தார். சுட்டவனை மடக்கித் துப்பாக்கியைப் பறித்தவர்களில் அவரும் ஒருவர். அடுத்த வருஷம், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக் இயக்கத்தைக் கலிஃபோர்னியாவில் தொடங்கி வைத்தவர்களில் ஒருவராக இருந்தார். அந்தப் பணியைக் கடைசி வரை விடவில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், நாற்பத்தொன்பது வயதில், செங்குத்தான படிகளில் ஏறி ஒலிம்பிக் ஜோதியை ஏற்றியவரும் அவரே. 2020 டிசம்பர் 2-ல் எண்பத்தாறு வயதில் மறைந்தார்.

யாங் தைவானில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1980-களில் அந்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 2007 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். ரோமில் எதிரெதிரே நின்ற இருவரும் அதுவரை நண்பர்களாகவே இருந்தார்கள்.

யு.சி.எல்.ஏ.வின் தடகள மைதானத்துக்கு இன்று டிரேக் ஸ்டேடியம் என்று பெயர். அதன் ஓடுபாதைக்கு 2019-ல் ஜான்சன், அவர் மனைவி பெட்ஸி இருவர் பெயரையும் வைத்தார்கள். பெண்களுக்கான ஏழு அம்சப் போட்டியான ஹெப்டாத்லானில் 1988 சியோலில் 7291 பாயிண்ட் எடுத்து உலகத்தை வாய் பிளக்க வைத்த ஜாக்கி ஜாய்னர்-கெர்சியும் அதே கல்லூரியின் மாணவிதான்.

நண்பர்களே, நாம் கூடும்போதெல்லாம் யார் எந்தக் கம்பெனியில், யார் எந்தப் பதவியில் என்று ஒரு டோட்டல் போட்டுப் பார்க்கிற பழக்கம் நமக்கும் உண்டு. தப்பில்லை. ஆனால் அட்டவணை மனிதர்கள் போட்டது, அவர்களே மாற்றவும் செய்வார்கள். 8392, 8334, 9121 என்ற எண்கள் எல்லாமே பின்னால் மாறிவிட்டன. அந்த 1500 மீட்டருக்கு முன்னால் டிரேக் இரண்டு மாணவர்களுக்கும் உண்மையான யோசனையைச் சொன்னாரே, அதைத் திருத்தி எழுத எந்த அட்டவணையாலும் முடியாது. நமக்கும் அப்படிச் சில ஆசிரியர்கள் வாய்த்தார்கள். அவர்களில் சிலர் இந்த விழாவுக்கு வந்திருப்பார்கள். போய் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.